துவைக்காத தலையணை உறை

சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடும் அந்த வீட்டில் சுத்தம் எல்லாம் அண்ணியின் பொறுப்பு. நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஊருக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். விருந்தினர் வாசலைத் தாண்டியதும் விரிப்பு, உறை எல்லாம் மெஷினில் ஓட வேண்டும். அது அவள் போட்ட சட்டம்.

அங்கே தங்கிவிட்டு அன்று காலை கிளம்பிப் போன அம்மாள் வழியிலிருந்து போன் செய்தாள். குரல் உடைந்திருந்தது.

“நீலப் பூப்போட்ட தலையணை உறை ஒண்ணு அங்கயே விட்டுட்டேம்மா. செத்துப்போன என் வீட்டுக்காரரோடது. அவர் வாசனை அதுல மட்டும்தான் இருக்கு. துவைச்சிடாதீங்க!”

அண்ணி போனை வைத்தாள். விழுந்தடித்துக்கொண்டு துவைக்கும் அறைக்கு ஓடினாள். மூடிய மெஷின்மேல் சாய்ந்து நாத்தனார் போனில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மெஷினைப் போட்டுட்டியாடி?”

“இதோ போட்டுடறேன் அண்ணி, காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க!”

அண்ணி மூடியைத் திறந்து துழாவினாள். நீலப் பூ உறை ஈரம் படாமல் கைக்கு வந்தது. நாத்தனாரை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

“உன் சோம்பேறித்தனம் நல்லா இருக்கட்டும்டி!”

நாத்தனார் திருதிருவென்று விழித்தாள். அண்ணி உறையை ஒரு பையில் வைத்து, காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனை எடுத்தாள்.

“அவர் பத்திரமா இருக்காரும்மா” என்றாள்.