பாய்த்துணியில் ஒட்டிய அம்பு

கண்ணுகளா, தரங்கம்பாடிக்குப் போனதைக் கேட்டால் நீங்கள் இரண்டு பேரும் அலையையும் பீரங்கியையும்தான் சொல்வீர்கள். நீங்கள் கடற்கரையில் மணலை வாரிக்கொண்டிருந்தபோது நடந்த ஒன்றை இங்கே எழுதிவைக்கிறேன். இப்போது உங்கள் அம்மா எதையும் உங்களைத்தான் படித்துக் காட்டச் சொல்கிறாள். இதை மட்டும் அவளுக்குப் படிக்க வேண்டாம்.

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். தைத்து வரும் துணியை டியூப் லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டையோ தையல் விட்ட இடமோ கண்ணில் பட்டால் அங்கே சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பைப் பார்த்து அடுத்த ஆள் சரிசெய்வார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவள் கைப்பையில் அந்த ஸ்டிக்கர் தாள் இருக்கும். என் சட்டையில் பொத்தான் ஆடினால் அங்கேயும் ஒன்று ஒட்டிவிடுவாள்.

நாம் தரங்கம்பாடி போன வருடம், அவள் சரி என்று அனுப்பிய துணிகள் ஓட்டையோடு திரும்பி வர ஆரம்பித்தன. கண் நரம்பு கெட்டுக்கொண்டு வருகிறது, போன பார்வை போனதுதான், சொட்டு மருந்தால் மிச்சத்தைக் கொஞ்ச நாள் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அம்மா நம்பவில்லை.

"கம்பெனி லைட்டுதானுங்க மங்கல். எங்கண்ணு நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

பொங்கல் லீவு முடிந்து வந்ததும் அவளைத் துணி மடிக்கிற வேலைக்கு மாற்றப்போவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அவள் கடலைப் பார்த்ததே கிடையாது. இருக்கிற பார்வையில் காட்டிவிடலாம் என்றுதான் உங்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கோட்டைச் சுவரோரம் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"எப்படியிருக்குது புள்ள?"

"வெளுத்த துணிய விரிச்சாப்ல இருக்குதுங்க. வெள்ளை வெளேர்னு."

எனக்கு அது நீலமாகத் தெரிந்தது.

பிறகுதான் பக்கத்திலிருந்த கடல் அருங்காட்சியகத்துக்குள் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கப்பல் பொம்மைகளைத் தலையாட்டிக்கொண்டே கடந்துவிட்டாள். ஒரு சுவரில் பழைய படகின் பாய்த்துணியைக் கண்ணாடி இல்லாமல் தொங்கவிட்டிருந்தார்கள். துணி என்றதும் முகமே மாறிவிட்டது. மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து, மேலிருந்து கீழாகப் பார்த்து வந்தாள். பையைத் திறந்தாள். நான் தடுப்பதற்குள் அம்பை ஒட்டிவிட்டாள்.

"ஓட்டைங்க. இந்த இருட்டுலயும் எங்கண்ணுல பட்டுருச்சு பாத்தீங்களா?"

பார்த்தேன். அம்பு காட்டிய இடத்தில் ஓட்டை இல்லை, துருக்கறை இருந்தது. அதற்கு இரண்டு சாண் மேலே, பின்னாலிருக்கும் சுவர் தெரிகிற மாதிரி, கை நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது. அதை அவள் தாண்டி வந்திருந்தாள்.

காவலாளி வந்துவிட்டார். "என்னம்மா, தொடாதீங்கன்னு எழுதிப் போட்டிருக்குல்ல?"

"டேமேஜக் காட்டுனேனுங்க சார்."

"யாருக்கு?"

"அடுத்துப் பாக்கறவங்களுக்குங்க."

அவர் சிரித்துவிட்டார். "படகே போய்ச் சேந்துடுச்சு. இனிமே யாருக்கும்மா ரிட்டன் அனுப்புறது? போறப்ப ஸ்டிக்கர எடுத்துட்டுப் போங்க" என்று வாசல் பக்கம் போனார்.

அம்மாவும் சிரித்தாள். அம்பை எடுக்காமல் அந்தச் சிரிப்போடே வெளியே வந்து, "மடிக்கற வேலையெல்லாம் எனக்கு வேண்டாமுங்க. நீங்களே கம்பெனிக்கு வந்து அவங்ககிட்டச் சொல்லிப்போடுங்க. கண்ணுக்கு ஒண்ணுமில்லைன்னு இப்பப் பாத்தீங்கல்ல?" என்றாள்.

"சொல்றேன் புள்ள" என்றேன்.

போய்ச் சொல்லவும் செய்தேன். அவர்கள் கேட்கவில்லை. மடிக்கிற மேசையில் கொஞ்ச காலம் நின்றாள், பிறகு அதுவும் முடியாமல் போனது உங்களுக்கே தெரியும்.

ஆனால் அன்றைக்கு அவளை உங்கள் பக்கத்தில் நிழலில் உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை உள்ளே மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பிப் போனேன். காவலாளி வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். பாய் முன்னால் யாரும் இல்லை. நகத்தால் மெதுவாகச் சுரண்டி அந்த அம்பை எடுத்தேன். எடுத்து, இரண்டு சாண் மேலே, முனை கிழிசலைப் பார்க்கும்படி ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திவிட்டு வந்தேன்.