ஏழாயிரத்து ஐந்நூறு கிலோ

போன வாரம் ஒரு வாசகர் போன் செய்தார். பழைய பஸ் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகிறாராம். "கார் லைசென்ஸ் போதுமா சார்?"

வாராவாரம் பத்தி எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை! ஆனால் இந்தக் கேள்விக்கு எனக்கு நிஜமாகவே பதில் தெரியும். "ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை ஏழாயிரத்து ஐந்நூறு கிலோவைத் தாண்டினால் போதாது, ஹெவி லைசென்ஸ் எடுக்கணும்" என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்தது தாமஸண்ணனால். லிங்கராஜபுரத்தில் எங்கள் எதிர்வீடு. லேத் பட்டறை வைத்திருந்தவர். அவர் மனைவி ரீட்டா அக்கா பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. அக்காவுக்கு ஒரே ஆசை... ஒருமுறை வேளாங்கண்ணி போய் மாதாவையும் கடலையும் பார்த்துவிட வேண்டும்.

ரயிலில் போகலாமே? வாடகை வண்டி, டிரைவர் என்று போகலாமே? நானும் கேட்டேன். "வேத்து ஆம்பள இருக்கற எடத்துல எனக்குத் துணி மாத்துவாரா இவரு? அதுக்கு நான் இங்கயே கெடக்கறேன், வுடுப்பா" என்றார் அக்கா.

அண்ணன் ஒரு பழைய ஸ்கூல் பஸ்ஸை வாங்கிவிட்டார். சீட்டையெல்லாம் கழற்றிக் கட்டில் போட்டு, திரை கட்டி, கடல் தெரிய ஜன்னலைத் தாழ்த்தினார். கட்டிலின் நீளம், கதவின் அகலம், எங்கள் தெரு முனை... எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்தார். லேத்காரர், ஒரு நூல் பிசகாது. எடையை மட்டும் பார்க்கவில்லை.

வண்டியை மாற்றியதைப் புத்தகத்தில் பதியவேண்டுமே என்று இருவரும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனோம். அதிகாரி அண்ணனின் கார் லைசென்ஸைப் பார்த்தார். "இதக்கெ ஹெவி பேக்கு ரீ" என்று கன்னடத்தில் சொல்லி, ஹெவி லைசென்ஸ் இல்லாமல் ஆகாதென்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் அண்ணன் என்னிடம் கேட்டார். "அத்தினி சீட்டையும் கழட்டிட்டேனே, இன்னும் என்னாப்பா வெயிட்டு?" புத்தகத்தில் எழுதியிருக்கும் எடைதான் எடை என்றேன்.

"பேசாம ஓட்டினு போயிடவா? யாரு பாக்கப் போறா?"

நான்தான் தடுத்தேன். வழியில் ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிப்பான், இரண்டு மூன்று மாதம்தானே, முறைப்படி எடுத்துவிடுங்கள் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். சொன்னது அத்தனையும் சரி. இன்றைக்கும் சரிதான்.

ஐம்பத்தெட்டு வயதில் அண்ணன் டிரைவிங் ஸ்கூல் லாரியில் ஏறினார். தினமும் சாயங்காலம் அக்கா படுத்தபடியே விசாரிப்பார் — "இன்னிக்காவது ரிவர்ஸ் ஒழுங்கா எடுத்தியா?"

டெஸ்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அக்கா போய்விட்டார்.

அடக்கத்துக்கு வண்டி சொல்லப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவளுக்குன்னு பண்ண வண்டிப்பா இது. நானே ஓட்டறேன்."

இந்த முறை நான் தடுக்கவில்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் கட்டிலின் மேல் அக்காவின் பெட்டி. தெரு முனையில் ஒரே திருப்பு... கண்ணாடிகூட உரசவில்லை. அளவெடுத்தது வீண்போகவில்லை என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மெயின் ரோடு சிக்னலில் ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அவர் குறுக்கே வந்த வண்டிகளை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்களைப் போகச் சொன்னார்.

அந்த வண்டியைத் தடுத்து நிறுத்தியவன் நான் ஒருவன்தான் — அக்கா உயிரோடு இருந்தபோது.