கோப்பையில் கிராம்பு

கடலூர் செம்மண்டலத்தில் என் அக்கா வீட்டுச் சமையலறை அலமாரியில், மஞ்சள்தூள் டப்பாவுக்கும் பெருங்காய டப்பாவுக்கும் நடுவே, நீண்ட காலுள்ள ஒரு கண்ணாடிக் கோப்பை நிற்கிறது. ஒயின் ஊற்றிக் குடிப்பதற்கென்றே செய்தது. அதில் அக்கா கிராம்பு போட்டு வைத்திருக்கிறாள். புதிதாக வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். நான் மட்டும் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்துவிடுவேன்.

அக்காவின் கணவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். பெண்ணாடத்துப் பக்கம் கரும்பு விவசாயக் குடும்பம். கடலூரில் பம்புசெட் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். குடிக்கிறவனுக்குக் கடலூரிலிருந்து பாண்டி எல்லை கூப்பிடு தூரம். மாமாவும் பல வருஷம் அந்தத் தூரத்தை அளந்தவர்தான். 2004-இல் சிதம்பரத்தில் நடந்த என் கல்யாணத்தன்று, மண்டபத்துப் படியில் வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் கிடந்தார். பெண் வீட்டார் அவரைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள். மறுநாளிலிருந்து மாமா குடிக்கவில்லை. தினமும் சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் வாசற்படிக்கு வெளியே நிற்பார். அக்கா எதிரே வந்து நிற்பாள். அவர் வாயைத் திறந்து ஊதிக் காட்டுவார். "உள்ள வாங்க" என்பாள். அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். ஊரே அவர் திருந்திவிட்டதாக நம்பியது. நான் நம்பவில்லை. என் கல்யாணப் படியை நான் மறக்கத் தயாராக இல்லை.

2008-இல் எனக்குக் கர்நாடகத்துப் பீஜப்பூரில் வங்கி வேலை. என் மனைவி பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்த சமயம், அக்காவும் மாமாவும் ஊர் சுற்றிப் பார்க்க வந்தார்கள். ஜீப் ஒன்று அமர்த்திக்கொண்டு பாதாமியின் செம்பாறைகளையும் குளத்தையும் பார்த்தோம். பெயர் தெரியாத சின்ன ஊர்களில் இறங்கி டீ குடித்தோம். கடலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தப் பூமி திகைப்பாக இருந்தது. வெடித்த கரிசல், கருவேலம், மறுபடியும் கரிசல். நடுவில் திடீரென்று பச்சையாகத் திராட்சைப் பந்தல். வலை கட்டிய கொட்டகைகளில் திராட்சை அடுக்கடுக்காகக் காய்ந்துகொண்டிருந்தது. "மழையே இல்லாத ஊர்ல இது எப்பிடிடா காய்க்குது?" என்றாள் அக்கா. மாமா குனிந்து சொட்டுநீர்க் குழாயைத் தடவிப் பார்த்தார். "நம்ம கரும்பு மாதிரி இல்ல மச்சான். இதுக்குத் தண்ணி ஜாஸ்தியானா இனிப்பு போயிடுமாம்" என்றார்.

அடுத்த நாள் நான் அழைத்துப் போன இடம் ஒயின் தயாரிக்கும் தோட்டம். அக்காவிடம் திராட்சைத் தோட்டம் என்று மட்டும்தான் சொன்னேன். முழங்கால் வலிக்கிறதென்று அவள் ஜீப்பிலேயே வேப்பமர நிழலில் இருந்துகொண்டாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாமாவைச் சோதிக்கத்தான் கூட்டிப் போனேன். அவர் தடுக்கி விழுந்தால், அக்காவிடம் "பார்த்தியா" என்று சொல்லக் காத்திருந்தேன்.

ருசி பார்க்க ஆளுக்கொரு கோப்பையில் கொஞ்சம் ஊற்றினார்கள். கோப்பையை நாமே எடுத்துப் போகலாம் என்றார்கள். நான் என்னுடையதைக் குடித்தேன். நன்றாக இருந்தது, இன்னொன்றும் வாங்கிக் குடித்தேன். கண் மட்டும் மாமா மேலேயே இருந்தது. அவர் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடி ஒரு முறை முகர்ந்தார். பிறகு பந்தலோரம் போய், ஒரு கொடியின் வேரில் மெதுவாகக் கவிழ்த்தார். நேராக என்னிடம் வந்தார். அத்தனை பேர் பார்க்க வாயைத் திறந்து என் முகத்தில் ஊதினார்.

"போதுமா மச்சான்?"

வாயைத் திறந்தால் என் வாடைதான் அடிக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாமாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, இரண்டு கிராம்பை என் உள்ளங்கையில் வைத்தார். குடிக்கிற காலத்தில் வாடையை மறைக்க வைத்திருந்த பழக்கம். விட்ட பிறகு, ஆசை வரும்போது மெல்லுவதற்கு. "நல்லா கடிச்சி மெல்லு. அக்காவுக்குப் பொல்லாத மூக்கு" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

காலிக் கோப்பையைக் கையோடு எடுத்துவந்த மாமா, ஜீப்பில் ஏறுமுன் வழக்கம்போல அக்காவிடம் ஊதிக் காட்டினார். "ஏறுங்க" என்றவள் என் பக்கம் திரும்பினாள்.

"என்னாடா மெல்லுற?"

"பல்லு வலியாம் அவனுக்கு" என்றார் மாமா.

முன்பே கெட்டுப்போயிருந்த ஈரல் அவரை விட்டுவைக்கவில்லை. 2012-இல் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடைசி நாள் காலையில் அக்கா வார்டு வாசலில் வந்து நின்றபோது, பேச முடியாத நிலையிலும் வாயைத் திறந்து மெல்ல ஊதினார். நான் கட்டிலருகே நின்றிருந்தேன். அப்போதாவது அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். குருமாவுக்குத் தாளிக்க அவள் அந்தக் கோப்பையை எடுத்தபோது, இத்தனை வருஷம் கழித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னிக்கே தெரியும்டா. கிராம்பு வாசனை எனக்குப் புதுசா? அந்த வாசனையோடதானே அத்தினி வருஷம் குடும்பம் நடத்துனேன்."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"உன்னக் கேட்டா அவுரு சொன்னது பொய்யாயிடுமே." இரண்டு கிராம்பை எண்ணெயில் போட்டாள். "ஊருக்கு வந்ததும், இனிமே ஊத வாணாங்கன்னு சொல்லிட்டேன். நான் நிறுத்திட்டேன். அவுருதான் கடேசி வரைக்கும் நிறுத்தல."