பர்ஹானின் பன்னிரண்டு கப்பல்கள்

சாய்ந்தமருதுக் கடற்கரையில் பர்ஹான் செய்யும் பைபர் தோணிகளை ஒலுவிலில் இருந்தும் ஆட்கள் தேடி வந்து வாங்குவார்கள். கரையில் உடையும் அலையை நெஞ்சு கொடுத்துத் தாங்கும் அணியம், அந்தத் தோணிமுகப்பு, அவன் கையால்தான் வரும் என்பது ஊர்ப்பேச்சு. இருபது வருடமாக அந்தப் பெயரோடுதான் தலைநிமிர்ந்து நடந்தான்.

அந்தப் பெயரைக் கைத்தொலைபேசிக்குள் பறிகொடுத்தான்.

மனைவி றினோஸாவின் தங்கையைக் கட்டிய ஸஹீத், மதிலுக்கு அப்பால் குடியிருந்தான். திரைச்சீலைக் கடைக்காரன், தோணியில் ஏறினாலே வாந்தி எடுப்பான். அவன்தான் பர்ஹானை அந்த விண்வெளி விளையாட்டுக்குள் இழுத்துவிட்டவன். கப்பலைத் தானே வடிவமைத்து, படையாகக் கட்டி, வேற்றுக் கூட்டணிகளோடு மோத வேண்டும்.

பர்ஹான் தோணி கட்டுவது போலவே கட்டினான். கவசம் முழுவதும் அணியத்தில், பின்புறம் வெறுமை. ஸஹீத் கவசத்தைப் பின்னால் இருந்த இயந்திரத்தைச் சுற்றிப் போட்டான். வெள்ளிக்கிழமைப் போருக்கு, அவர்கள் சேர்ந்திருந்த கூட்டணியின் முப்பது பேரும் ஸஹீதின் வடிவத்தையே தெரிந்தெடுத்தார்கள்.

"அங்க அலை இல்லையே, மச்சான்," என்று சிரித்தான் ஸஹீத்.

அந்தச் சிரிப்பு பர்ஹானின் நெஞ்சில் முள்ளாய்த் தங்கியது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. றினோஸா தங்கையின் கணவனைப் புகழ்ந்தபோது தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தான். ஸஹீதின் வடிவத்தில் ஆளுக்குப் பன்னிரண்டு கப்பல் கட்டச் சொல்லியிருந்தார்கள். கட்டினான். ஆனால் யாருக்கும் சொல்லாமல் கவசத்தை முன்னுக்கு மாற்றினான்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து போர் தொடங்கியது. ஸஹீதின் வடிவத்தை முன்பே ஒருமுறை கண்டிருந்த எதிரிகள், பின்னால் சுற்றி வராமல் நேருக்கு நேரே அடித்தார்கள். முகம் உடைந்து கப்பல்கள் ஒவ்வொன்றாய் எரிந்தன. பர்ஹானின் பன்னிரண்டும் பின்வரிசையில் அசையாமல் நின்றன.

மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"மச்சான், ஒருக்கா முன்னுக்கு வாங்க. என்ட தாய்க்கப்பல் போகப் போகுது."

ஒரு தட்டுத் தட்டினால் போதும். பர்ஹானின் விரல் திரைக்கு மேலேயே நின்றது. ஸஹீத் ஆறு மாதமாய்க் கட்டிய தாய்க்கப்பல் வெடித்துச் சிதறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதன் பிறகே பன்னிரண்டையும் முன்னே விட்டான். வென்றான்.

இனித் தன்னைக் கொண்டாடுவார்கள் என்று காத்திருந்தான். கூட்டணியின் கைபேசிக் குழுவில் முதலில் விழுந்தது ஸஹீதின் செய்தி.

"நாம தப்பினது மச்சான்ட கப்பலாலதான். பிழை என்னில. அவரிட்டக் கேட்டுக் கட்டியிருக்கணும்."

அதன் கீழே எல்லாரும் ஹார்ட் போட்டார்கள். ஸஹீதுக்குத்தான் எவ்வளவு பெரிய மனது என்று ஆளாளுக்கு எழுதினார்கள். எட்டிப் பார்த்த றினோஸாவுக்கும் கண் கலங்கியது. வென்ற கப்பல்களைப் பற்றி வேறு ஒருவரும் மூச்சு விடவில்லை.

தானும் ஒரு ஹார்ட் போடலாம் என்று பர்ஹான் விரலைக் கொண்டுபோனான். அது மறுபடியும் திரைக்கு மேலேயே நின்றுவிட்டது.