ராக்னா கடைந்த குழல்

வடகோடி மீன்பிடி ஊரான பீட்டர்ஸ்பர்க்கின் துறைமுகத்தில் எந்தப் படகின் சுழலித் தண்டு வளைந்தாலும் ராக்னா தோர்விக்கைத்தான் தேடுவார்கள். பதினேழு வயதில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவள், மேற்பார்வையாளர் ஒருநாள் கத்தியதும் கையுறையைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அன்று மாலையே படகுப் பட்டறையில் லேத்தின் முன்னால் நின்றாள். பெண்ணுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள், பிறகு அவளிடமே தண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மூன்று குளிர்காலத்துக்கு முன், கயிறு அறுந்து ஆடி வந்த நண்டுக் கூண்டு ஒன்று அவளுடைய இடது தோளை நொறுக்கிவிட்டது. தகடு வைத்துத் தைத்தார்கள். கை மேலே போகும். கனத்தைத் தாங்கி நிற்காது. அப்பா விட்டுப்போன துப்பாக்கி பத்து பவுண்டு எடை. அதை நிமிர்த்திப் பிடித்தால், பத்து எண்ணி முடிப்பதற்குள் முனை தரையைப் பார்க்கும்.

இலையுதிர் காலத்தில் ஸ்டிகீன் ஆற்றுக்கு மூஸ் என்ற பெருமான் வேட்டைக்குப் போகாத வருடம் தோர்விக் வீட்டில் கிடையாது. அப்பாவின் கூட்டாளி ஹோகோன் சாத்தரின் படகில் போவார்கள். அப்பா போன பிறகு ராக்னாவும் அவள் அண்ணன் ட்ரிக்வேயும். தோள் போன பிறகு ட்ரிக்வே மட்டும்.

"சின்னதா ஒரு துப்பாக்கி வாங்கிக்கயேன், பொண்ணே" என்றார் ஹோகோன்.

"அந்த ஆத்துல பழுப்புக் கரடி இருக்கு, கேப்டன். அது எதிர்ல வந்தா, 'எனக்குத் தோள் வலி, சின்னதாத்தான் சுடுவேன்'னு சொல்லவா?"

கனமும் கூடாது, அடியும் குறையக் கூடாது. கடையில் அப்படி ஒன்று அவள் கைக்கு ஏற்றதாய்க் கிடைக்கவில்லை. அப்பாவின் துப்பாக்கியையே பிரித்தாள்.

உப்புக் காற்றில் பழைய குழல் துருவேறி இறுகிக் கிடந்தது. தீ காட்டினால் கழன்றுவிடும்; ஆனால் தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் உட்காரும் கூட்டின் உறுதி போய்விடும். பொறுமையாய் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒரு சத்தமும் இல்லாமல் திருகி எடுத்தாள். வாய் அகன்ற புதுக் குழலை வரவழைத்தாள். அதற்கான தோட்டாவின் அடிப்பாகம் பழையதன் அளவேதான் என்பதால் போல்ட்டை மாற்ற வேண்டியிருக்கவில்லை. குழலின் வெளிப்புறத்தை லேத்தில் மெல்லியதாய்க் கடைந்தாள். மரை வெட்டினாள். தோட்டா உட்காரும் அறையை முடியளவு முடியளவாய்க் குடைந்தாள். தோட்டாவுக்குப் பதில் அறையில் வைத்துப் பார்க்கும் சோதனை அச்சு இரண்டு உண்டு: ஒன்றின் மேல் போல்ட் மூட வேண்டும், மற்றதன் மேல் மூடவே கூடாது. சரியாக அப்படி வந்த பிறகுதான் லேத்தை நிறுத்தினாள்.

தோளில் பதியும் கட்டைக்கு மரம் வேண்டாம் என்று முடிவு செய்தாள். அப்பாவின் அக்ரூட் மரக் கட்டையை அச்சாக வைத்து, படகின் ஓட்டைக்கு ஒட்டுப் போடுவதைப் போல ஃபைபர் துணியும் பிசினும் ஏற்றி, உள்ளே நுரை அடைத்தாள். மிஞ்சிக் கிடந்த பச்சைப் படகு வண்ணத்தை அடித்தாள். மீன் தராசில் தொங்கவிட்டபோது ஆறு பவுண்டைத் தொட்டு நின்றது.

"இது துப்பாக்கியா, துடுப்பா?" என்றான் ட்ரிக்வே. வாங்கி ஒருமுறை சுட்டுவிட்டு, வலது தோளைத் தேய்த்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தான். "கோவேறு கழுதையை வளக்குற, தங்கச்சி."

"உதைக்கட்டும். தூக்க முடியுதுல்ல."

ஹோகோனின் படகில் ஒரு வழக்கம் உண்டு. புறப்படும் முன் ஜல்லிப் பள்ளத்தில் ஒவ்வொரு துப்பாக்கியும் பலகைமேல் வைத்து ஐந்து முறை சுட வேண்டும். ஐந்தும் காபி டப்பா மூடிக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் அந்த ஆள் அந்த வருடம் அடுப்படி.

ராக்னாவின் முதல் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. மூன்றாவது மேலே ஏறியது. நாலாவதும் ஐந்தாவதும் மூடியைத் தாண்டின.

"மெல்லிசுக் குழல் சூடேறினா நெளியும்னு சொன்னேனா இல்லையா?" என்றார் ஹோகோன்.

"முதல் ரெண்டையும் பாருங்க, கேப்டன்."

"வழக்கம் அஞ்சு."

"அந்த ஆத்துல எந்த மூஸை அஞ்சு தடவை சுட்டீங்க? ஒண்ணு சொல்லுங்க."

"உங்கப்பாவும் நானும் சேந்து வச்ச வழக்கம் இது."

"அப்பாவுக்கு ரெண்டு தோளும் நல்லா இருந்துச்சு."

ஹோகோன் தாடியைச் சொறிந்தார். "தடிச்ச குழல் ஒண்ணு போட்டுட்டு அடுத்த வருஷம் வா. இந்த வருஷம் அடுப்பைப் பாத்துக்க."

"நான் சமைச்சதைத் தின்னா நீங்களே கரடியைத் தேடிப் போவீங்க" என்றாள் ராக்னா, துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டே. "குழல் இதேதான். அந்த ஆறு ஒண்ணும் உங்களுது இல்ல."

மறுநாள் அவள் தன் சிறு படகில் எரிபொருள் ஏற்றிக்கொண்டிருந்தபோது, ட்ரிக்வே ஹோகோனின் படகிலிருந்து தன் மூட்டையை இறக்கிக்கொண்டு வந்து ஏறினான். அவள் எரிபொருள் டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள்.

ஆற்றில் விடாத மழை. வில்லோ புதரோரம் முழங்கால் சேற்றில் நின்றிருந்தபோது மூஸ் காளை ஒன்று வெளியே வந்தது. ராக்னா துப்பாக்கியைத் தோளில் ஏற்றினாள். ட்ரிக்வே தொலைநோக்கியில் கொம்பின் கிளைகளை எண்ணினான். நெற்றிப் பக்கத்துக் கிளை ஒரு புறமாவது மூன்று இருந்தால்தான் சுடலாம், இல்லையென்றால் குற்றம்.

"ரெண்டுதான் தெரியுது. பொறு."

காளை தலையைக் குனிந்து இலையை மென்றது. அவள் பிடித்தபடியே நின்றாள். தகடு வைத்த இடத்தில் வலி கொக்கி போல் மாட்டி இழுத்தது. பழைய துப்பாக்கியாய் இருந்திருந்தால் முனை எப்போதோ சேற்றுக்குள் போயிருக்கும். இது மூச்சோடு கொஞ்சம் ஏறியது, இறங்கியது, விழவில்லை. காளை மென்றுகொண்டே இருந்தது. கடைசியில் தலையைத் திருப்பியது.

"மூணு. இந்தப் பக்கம் மூணு."

சுட்டாள். காளை நான்கு எட்டு வைத்து முன்னங்காலில் மடிந்தது.

சத்தம் கேட்டு ஹோகோனின் படகு வளைவைச் சுற்றி வந்தது. கரையில் இறங்கியவர் காளையைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"எத்தனை?"

"ஒண்ணு."

பச்சைத் துப்பாக்கியை ஒரு கையால் தூக்கிப் பார்த்து வைத்தார். "சரி. அடுத்த வருஷம் நம்ம படகுல வா. உனக்கு அஞ்சு வேணாம்."

"எனக்கு மட்டும் தள்ளுபடி வேணாம், கேப்டன். எல்லாருக்கும் ஒரே குண்டுதான். ஆறின குழல். பலகை கிடையாது, நின்னுக்கிட்டுச் சுடணும். நீங்களும்."

"என் கை நடுங்கும்னு தெரிஞ்சே கேக்குற."

"தெரியும். உங்களுக்கும் ஒண்ணு லேசா கடைஞ்சு தர்றேன்."

ஹோகோன் தோலுரிக்கக் கத்தியை உருவிக்கொண்டு பின்னங்காலைப் பிடித்தார். "வெளிச்சம் போகுது. அந்தக் காலைப் பிடி."

ராக்னா நின்ற இடத்திலேயே நின்றாள். "சரின்னு சொல்லுங்க."

ட்ரிக்வே ஆற்றைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டான். மழை படகின் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"சரி" என்றார் ஹோகோன், காளையிடம் சொல்வதைப் போல.

அவள் குனிந்து மற்றக் காலைப் பிடித்தாள்.