மஹ்ரூபின் காதுக்குள் ஒருத்தி

மஹ்ரூப் மௌத்தானதும் அவருடைய சாரம், சட்டை, செருப்பு எல்லாவற்றையும் மனைவி றஹ்மத் உம்மா ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டாள். காது மெஷினை மட்டும் கொடுக்கவில்லை. பள்ளிவாசல்துறையில் போட் இஞ்சினோடேயே காலம் தள்ளிக் காதைத் தொலைத்த மனுஷனின் மெஷின் அது. அவளுக்கும் காது மந்தம்தான். டோர்ச் லைட் யார் பிடித்தாலும் எரிகிறதே, இதுவும் அப்படித்தானே என்று எடுத்துச் செருகிக்கொண்டாள். யாரையாவது கேட்டுச் செய்கிற ஆளா அவள்!

செருகியதும் கடல் நின்றுவிட்டது. வாசலுக்கு எதிரே அலை எழுந்து விழுந்தது, சத்தம் இல்லை. கூரைத் தகரத்தில் நடந்த காகமோ மண்டைக்குள் நடந்தது. பயந்துபோய், "யா அல்லாஹ்" என்றாள். அவள் வாய் மூடுமுன் காதருகே ஒருத்தி அதையே சொன்னாள்.

கூர்மையான இளம் குரல். திரும்பிப் பார்த்தாள். வீட்டில் யாருமில்லை.

"ஆருடி நீ?"

"ஆருடி நீ?" என்றது குரல்.

மெஷினைக் கழற்றினால் போய்விடுவாள், போட்டால் வந்துவிடுவாள். ஜின் என்றால் ஓதி விரட்டியிருக்கலாம். றஹ்மத் உம்மாவுக்கு வந்த சந்தேகம் வேறு. கடைசிக் காலத்தில் அவள் என்ன கத்தினாலும் மஹ்ரூப் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். அவளைப் பார்த்தா சிரித்தார், காதுக்குள் இருந்தவளுக்கா? பாவி மனுஷன், ஒருத்தியை வைத்திருந்தாரா? புருஷன் மௌத்தாகி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருக்கிறவள் வெளியே போய் யாரிடம் கேட்பாள்? வாயைத் திறக்கவே பயந்து, அந்தக் காலம் முழுக்க அவளோடு ஒரே வீட்டில் இருந்தாள்.

இத்தா முடிந்ததும் புத்தளத்துக்கு பஸ் ஏறினாள். மெஷின் பொருத்திக் கொடுத்த அஸ்ரியா, அதை இவள் காதில் கண்டதும் பதறிப்போனாள்.

"ஐயோ மாமி, இது மாமாட காதுல அச்சு எடுத்துச் செஞ்சது. உங்கட காது புண்ணாகியிருக்கு பாருங்க. அவருக்குக் கேக்காத சத்தத்த மட்டும்தான் இதுல கூட்டி வெச்சிருக்கு."

"அது கெடக்கட்டும். உள்ளுக்க ஒருத்தி இருக்கிறாளே, அவ ஆரு?"

அஸ்ரியா விளங்காமல் பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியது.

"அது நீங்கதான் மாமி. நீங்க கதைக்கிறதத்தான் மெஷின் கூராக்கித் திருப்பித் தருது. மாமா கடலும் வாணாம், இஞ்சினும் வாணாம், வூட்டுல அவ கதைக்கிறது கேட்டாப் போதும் எண்டார். நீங்க ஏசுறத போன்ல புடிச்சிட்டு வந்தார். அதப் போட்டுப் போட்டுத்தான் சரி பாத்தம். தெளிவாக் கேட்டதும் ஒரு சிரிப்புச் சிரிச்சார் பாருங்க."

றஹ்மத் உம்மா காதிலிருந்த மெஷினைத் தொட்டுப் பார்த்தாள்.

"இப்பிடியே போட்டா இருக்கிற காதும் போயிடும் மாமி. உங்கட காதுக்கு மாத்தித் தாறன். ஆனா மாத்தினா மாமாக்குக் கேட்ட மாதிரி உங்களுக்குக் கேக்காது."

"கொஞ்சம் பொறுங்க மகள்."

சுவர்ப் பக்கம் திரும்பி, அவரை வழக்கமாக ஏசுகிற அதே ஏச்சை ஏசினாள். "இஞ்ச பாருங்க, காதுல என்ன களிமண்ணா?" கூடவே அந்த இளம் பெண்ணும் ஏசினாள். இதைக் கேட்டுத்தானா மனுஷன் சிரித்தார்! அவளுக்கும் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகை வந்தது.

"இப்ப மாத்துங்க" என்றாள்.

அன்று அஸர் தொழுகை நேரத்துக்குப் பிறகு வீட்டுக் கதவைத் திறந்து ஸலாம் சொன்னாள். கடல் நன்றாகக் கேட்டது. கூடச் சேர்ந்து சொல்ல வீட்டில் ஒருத்தியும் இல்லை.