உப்பில்லாப் பத்தியம்

முதலில் மீன்களின் வாலில்தான் அந்த வெள்ளைப் புள்ளிகள் மீனம்மாளின் கண்ணில் பட்டன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அவள் ராமநாதபுரத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆயா. கூட்டுவது, தண்ணீர் எடுப்பது, கண்ணாடித் தொட்டியிலிருக்கும் ஆறு சிவப்பு மீனுக்கு இரை போடுவது அவள் வேலை. மதுரைக்குக் கிளம்பிய பெரிய டீச்சர் விரலை நீட்டிச் சொல்லியிருந்தார்: "பத்து நாள்ல வந்துடுவேன். மீனெல்லாம் செத்துக் கிடந்தா நீயும் ஊருக்குக் கிளம்பிடு."

ஊர் உத்தரகோசமங்கை. அங்கே அவளுக்குக் காத்திருந்தது அடுத்தவர் வயலும் வெயிலும்தான்.

மறுநாள் புள்ளி உடம்பெல்லாம் பரவியது. மீன்கள் கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்தன. மீனம்மாளுக்குச் சந்தேகமே இல்லை, முத்துப் போட்டிருக்கிறது. தொட்டியில் நாலு வேப்பிலை போட்டு, வாசலில் ஒரு கொத்தைச் செருகி, பிள்ளைகளை அறைக்குள் விடாமல் காவல் நின்றாள். மீனுக்கு அம்மையா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மூன்றாம் நாள் ஒன்று செத்து மிதந்தது.

அறிவியல் டீச்சர் காலிதா தொட்டியைப் பார்த்ததும், "புதுசா ஏதும் மீனை உள்ள விட்டியா?" என்றார்.

"ஊருணியில புடிச்ச ஒரு குஞ்சு. அழகா இருந்துச்சேன்னு..."

"அதுதான் கொண்டாந்திருக்கு. புது மீனைப் பதினஞ்சு நாளாச்சும் தனியா வச்சுப் பாத்துட்டுத்தான் சேக்கணும். கண்ணுக்குத் தெரியாத பூச்சி இது, மீனம்மா. குடத்தண்ணிக்கு ஒரு கைப்பிடிக் கல்லுப்புன்னு கரைச்சு, கொஞ்சங் கொஞ்சமா ஊத்து."

உப்பா! அம்மை கண்ட உடம்புக்கு யாராவது உப்புக் கொடுப்பார்களா?

"மாட்டேன் டீச்சர். எம் மக ராக்கு முத்துப் போட்டுக் கெடந்தப்ப, கஞ்சிக்கு ஒரு கல்லு உப்புக் கேட்டு அழுதா. ஆத்தா கோவிச்சுக்கிருவான்னு நான் குடுக்கல. அப்பிடியே போயிட்டா."

"அது மனுசருக்கு வாரது. இது வேற. இன்னிக்கு ஊத்தலேன்னா மிச்சமும் போயிரும்" என்று ஆள் அனுப்பி வாங்கிய உப்புப் பொட்டலத்தை அவள் கையில் வைத்துவிட்டு டீச்சர் வகுப்புக்குப் போனார்.

ஒரு மீன் அடியில் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் அடித்துக்கொண்டது. மீனம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு உப்பைக் கரைத்தாள். கொஞ்சங் கொஞ்சமாகத் தொட்டியில் ஊற்றினாள். சாமி என்ன செய்யப் போகிறதோ என்று பொழுது சாயும்வரை தொட்டியடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

எதுவும் சாகவில்லை. அடுத்த நாளும் சாகவில்லை. உப்பு ஊற்றிய ஐந்தாம் நாள் புள்ளிகள் உதிர்ந்து, மீன்கள் மேலே வந்து இரைக்கு வாய் திறந்தன.

"மீனும் பொழச்சுச்சு, உன் வேலையும் பொழச்சுச்சு!" என்று காலிதா டீச்சர் சிரித்தார்.

மீனம்மாளால் சிரிக்க முடியவில்லை. கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, "ராக்கு, நீ கேட்டப்பவே ஒரு கல்லு குடுத்திருக்கலாமே, தாயீ" என்று விசும்பினாள்.